ஸ்டெப்னி வந்த வழியும் போகும் வழியும்

சித்தூர் நகரத்துப் பஞ்சர்க் கடை ஒன்றின் முன் நின்று, "உதிரிச் சக்கரம் உண்டா?" என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். "ஸ்டெப்னி" என்று சொல்லிவிட்டாலோ, அவர் தமிழ் பேசுபவராயினும் தெலுங்கு பேசுபவராயினும் உடனே எழுந்து வருவார். அரசாங்கக் கோப்புகளில் "மாற்றுச் சக்கரம்" என்றும் "உதிரிச் சக்கரம்" என்றும் எழுதி எழுதிக் காலங்கழிக்கும் நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு இந்த ஒரு சொல் பணிவைக் கற்பிக்கிறது. நாம் ஆக்கிய சொற்கள் கோப்பில் உறங்க, எவரும் ஆக்காத இச்சொல் நாடெங்கும் சாலையில் உருண்டுகொண்டிருக்கிறது.

ஸ்டெப்னி என்பது லண்டன் மாநகரின் ஒரு பகுதிக்கும் பெயராதலால், சொல் அங்கிருந்து வந்தது என்று கருதுவோர் பலர். உண்மை வேறு. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊர் உண்டு. அவ்வூரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் இருவர் தொழில் நடத்தி வந்தனர். 1904-ஆம் ஆண்டில் அவர்கள் உருவாக்கிய சாதனம், அவர்களுடைய தெருவின் பெயரையே தனக்குப் பெயராகக் கொண்டது. பிறந்த நாட்டில் அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியாவிலும் மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவிலும் அது இன்னும் பேச்சுவழக்கில் வாழ்கிறது.

அச்சாதனம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நம் முன்னோர் ஏறிச் சென்ற வண்டிச் சக்கரம் குடம், ஆரக்கால், வட்டை என மரத்தாலானது. வட்டையின்மேல் இரும்புப் பட்டையைக் காய்ச்சி இறுக்குவர். அது தேயும், கழலும், வட்டை பிளக்கவுங்கூடும். ஆனால் காற்றுப் போகாது. காற்றின்மேல் ஏறிச் செல்லலாம் என்ற எண்ணம் ஸ்காட்லாந்துக்காரரான இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவருக்கு உதித்தது. 1845-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றபோது வயது இருபத்துமூன்று. 1847-இல் லண்டன் பூங்கா ஒன்றில் குதிரை வண்டிகளில் பூட்டிக் காட்டவுஞ் செய்தார். உலகம் வியந்தது, பிறகு மறந்தது. நாற்பதாண்டுகளுக்குப் பின்னர், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டுமென்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துக் கட்டினார். 1888-இல் அவரும் காப்புரிமை பெற்றார். தாம்சன் முந்திக்கொண்டதை அறியாமலே பெற்ற அவ்வுரிமை பின்னர்ச் செல்லாததாயிற்று. ஆயினும் உலகம் அறிந்த பெயர் டன்லப்பே.

காற்றடைத்த சக்கரம் பிறந்த அன்றே பஞ்சரும் பிறந்தது. டன்லப்பின் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. அத்தகைய டயரோடு பிரான்சு நாட்டு மிஷ்லென் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு ஒருவர் வந்து நின்றார் என்பர். பழுது பார்க்கப் பல மணி நேரம் சென்றது. ஒட்டியது உலர ஓர் இரவு வேண்டியிருந்தது. அந்த அலுப்பிலிருந்து 1891-இல் கழற்றி மாட்டத்தக்க டயர் பிறந்தது. 1895-இல் பாரிசிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று மீளும் மோட்டார்ப் பந்தயத்தில் அச்சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரைத் தாமே ஓட்டினர். வழிநெடுகக் காற்றுப் போயிற்று; வழிநெடுக இறங்கி ஒட்டினர். ஆனால் வண்டி ஊர் வந்து சேர்ந்தது.

இக்காலத்தவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. மின்காரும் காற்று டயரும் ஒரே தலைமுறையில் பிறந்தவை. மணிக்கு நூறு கிலோமீட்டரை முதன்முதலில் தாண்டிய கார் பெட்ரோலால் ஓடியதன்று. 1899 ஏப்ரல் 29-ஆம் நாள், பாரிசுக்கருகில், பெல்ஜியரான காமீய் ஜெனாத்சி என்பவர் மின்கலத்தால் இயங்கும் வெடிகுண்டு வடிவ வண்டி ஒன்றில் அவ்வெல்லையைக் கடந்தார். அவ்வண்டிக்கு மிஷ்லென் காற்று டயர்களே பூட்டப்பட்டிருந்தன.

அதற்கும் ஈராண்டுகளுக்கு முன்பே, 1897-இல், வால்ட்டர் பெர்சி என்னும் இளைஞர் வடிவமைத்த மின்வாடகைக் கார்கள் லண்டன் தெருக்களில் ஓடத் தொடங்கிவிட்டன. அவை எழுப்பிய மெல்லொலியைக் கேட்ட மக்கள் "ரீங்காரச் சிட்டு" எனச் செல்லப்பெயர் இட்டனர். அச்சிட்டோ ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ளது. அவ்வெடையில் மின்கலத்திற்கும் பெரும்பங்கு உண்டு. அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் டயர்கள் விரைந்து தேய்ந்தன, மின்கலங்கள் பழுதுற்றன, செலவு மிஞ்சிற்று. 1899-இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. மின்கலத்தின் எடையை டயர்தான் சுமக்க வேண்டும் என்னும் உண்மையை அன்று லண்டன் வண்டிக்காரர்கள் கண்டறிந்தார்கள். இன்று நாம் மீண்டும் கண்டறிந்துகொண்டிருக்கிறோம். இதே காலத்தில், 1895 முதல், நம் சென்னையில் மின்சார டிராம் ஓடிற்று. அது தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரத்தில் ஓடியது; மின்கலத்தையும் சுமக்கவில்லை. 1953-இல் நிறுத்தப்படும் வரையில் அதற்குப் பஞ்சர் என்பதே இல்லை.

டேவிஸ் சகோதரர்களிடம் மீள்வோம். அக்காலத்துக் காரின் சக்கரத்தை எளிதிற் கழற்ற இயலாது. முள் குத்தினால் சாலையோரத்தில் அமர்ந்து டயரை நெம்பி, குழாயை உருவி, ஒட்டி, மீண்டும் திணித்துக் கையால் காற்றடிக்க வேண்டும். மழையாயினும் இருளாயினும் அதுவே கதி. லனெல்லிச் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத இரும்பு வளையம் ஒன்றில் காற்றடித்த டயரை முன்கூட்டியே பூட்டிவைத்தனர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கத்திலேயே இவ்வளையத்தைக் கவ்விகளால் இறுக்கிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். சாலையோரத்துத் துன்பத்தை வீட்டிலேயே முன்கூட்டி முடித்துவைப்பது என்பதே அதன் சூட்சுமம். லண்டன் வாடகைக் கார்களில் அது பரவிற்று. கடல் கடந்தும் சென்றது. சில ஆண்டுகளில் முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறை வந்து, லனெல்லி வளையம் வழக்கொழிந்தது. பெயர் மட்டும் நம் நாட்டில் தங்கி, புதிய சக்கரத்தின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது.

சித்தூர், திருப்பதிப் பக்கத்திற்கு இச்சக்கரத்தோடு தனியான உறவு உண்டு. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் சித்தூரே வட ஆர்க்காட்டின் தலைநகரம். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்குத் திரும்பியது. எல்லைக்கோடு நகர்ந்தபோதிலும் சாலைகள் நகரவில்லை. பெங்களூரில் வாழும் தமிழர் திருமலைக்குச் செல்லவும், சென்னையை நாடவும் இவ்வழியே வந்து போகின்றனர். திருமலைக்கு மோட்டார்ச் சாலை திறக்கப்பட்டது 1944 ஏப்ரலில். அதற்கு முன் படியேறுவதும் டோலியில் அமர்வதுமே வழி. அந்த முதற்சாலை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டை வளைவுகளும் உடையது. இரண்டாவது சாலை பின்னாளில் அமைந்த பிறகு, பழைய சாலை இறங்குவதற்கும் புதிய சாலை ஏறுவதற்கும் என வகுக்கப்பட்டன.

மலைச்சாலை டயருக்குப் பகை. காற்றுக் குறைந்த டயர் வளைவுதோறும் பக்கவாட்டில் நசுங்கும், நசுங்கினால் சூடேறும், சூடேறினால் சமவெளியில் இன்னும் நூறு கிலோமீட்டர் தாங்கியிருக்க வேண்டியது மலையின் நடுவிலேயே வெடிக்கும். முதலில் தேவஸ்தானம் நடத்திய பஸ்களும், பின்னர் அரசுப் போக்குவரத்துக் கழகம் நடத்திய பஸ்களும் இவ்வுண்மையை உணர்ந்தே இயங்கின. 2022 செப்டம்பரில் மலையடிவாரத்து அலிபிரியில் மின்சார பஸ்கள் தொடங்கிவைக்கப்பட்டன. இன்று அவை புகையின்றி, உறுமலின்றி ஏறுகின்றன. இறங்கும்போது மோட்டாரே தடையாகி நின்று, சக்கரத்தின் ஓட்டத்தைத் திரும்பவும் மின்சாரமாக்கி மின்கலத்திற் சேர்க்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏற்றும் வேலையையும் தடுக்கும் வேலையையும் மோட்டாரோடு பிணைந்த அதே சக்கரங்கள் செய்வதால், அவற்றின் டயர்கள் மற்றவற்றினும் விரைந்து தேய்கின்றன என்பதை மின்கார் வைத்திருப்போர் மறக்கலாகாது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் 1985-இல் தோன்றிய அமரராஜா நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கான மின்கலங்களுக்குப் பேர்போனது. அன்றைய சித்தூர் மாவட்டத்துச் சின்னப்பாண்டூரில் 2020-இல் அப்பல்லோ டயர்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2022-இல் மாவட்டம் பிரிந்தபின் அவ்வூர் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. மின்கலமும் டயரும் ஒரே வட்டாரத்தில் பிறக்கின்றன. அவ்வட்டாரத்துச் சாலையிலேதான் ஸ்டெப்னி இல்லாத காரில் நாம் சென்று அகப்பட்டுக்கொண்டோம்.

ஸ்டெப்னி எவ்வாறு காணாமற்போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வெளியாயிற்று. மூன்றரை டன்னுக்கு மேற்படாத பயணிகள் வண்டிகளில் குழாயில்லாத டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணித்து ஓட்டுநருக்கு அறிவிக்கும் கருவியும், பஞ்சர் அடைக்கும் சாதனமும் இருக்குமாயின் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்பது அதன் சாரம். மிச்சமாகும் இடத்தில் மின்கார்களுக்குப் பெரிய மின்கலம் வைக்கலாம் என்பதும் அப்போது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. காரணம் தவறன்று. குழாயில்லாத டயரில் ஆணி குத்தினால் காற்று மெல்லவே கசியும். பெரும்பாலான பஞ்சர்களை அவ்விடத்திலேயே அடைத்துவிடலாம். மின்காரிலோ ஒவ்வொரு கிலோ எடையும் கணக்கிற்குரியது. ஆகவே புதிய மின்கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி இருந்த குழியில் ஒரு சிறு காற்றுப் பம்பும், பால் போன்ற ரப்பர்த் திரவம் நிறைந்த புட்டியும் இருக்கின்றன. சிலவற்றில் ஜாக்கியும் இல்லை. மாற்றச் சக்கரமே இல்லாதபோது தூக்கி நிறுத்தும் கருவி எதற்கு என்று எண்ணினார்கள் போலும்.

சென்ற ஆண்டு நம் மைத்துனருடைய மின்காரில் பெங்களூரிலிருந்து திருப்பதிக்குப் புறப்பட்டோம். எழுபது வயதைக் கடந்த அவருடைய தாயாரும் உடன் வந்தார். பலமநேரைத் தாண்டி, மொகிலிக் கணவாய் இறங்கி, பங்காருபாளையத்தை நெருங்கும்போது, பின்சக்கரம் ஒன்றில் காற்றுக் குறைவதாக வண்டி அறிவித்தது. பொழுது சாய்ந்திருந்தது. புட்டியை எடுத்துப் பார்த்தோம். அதன்மேல் அச்சிட்டிருந்த காலக்கெடு முடிந்து ஓராண்டாகியிருந்தது. அத்திரவத்திற்கும் மருந்தைப்போல் ஆயுள் உண்டு என்பதை மைத்துனரும் அறிந்திலர், நாமும் அறிந்திலோம். பம்பு மட்டும் வேலை செய்தது. அடித்த காற்று சிறிது நேரத்தில் கசிந்துவிட்டது. உற்பத்தியாளரின் உதவி எண்ணில் பேசியவர் மூன்று மணி நேரம் ஆகும் என்றார். அவ்வழியே சென்ற பால் வண்டிக்காரர் ஒருவர் சொல்லியனுப்ப, பஞ்சர்க் கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்ட முதற்கேள்வி, "ஸ்டெப்னி எங்கே சார்?" என்பதுதான். இல்லை என்றதும் அவர் பின்கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, தாமே பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

ஆணி டயரின் உட்புற விளிம்பை ஒட்டிக் குத்தியிருந்ததால் வண்டியைத் தூக்காமல் கை செல்லவில்லை. அவர் தம் ஜாக்கியை எடுத்து, வழக்கம்போல் வண்டியின் அடிவயிற்றில் வைக்கப் புகுந்தார். பெட்ரோல் காரில் அங்கு இரும்புச் சட்டம் தாங்கும். மின்காரின் அடித்தளம் முழுவதும் மின்கலத் தொகுதியாகும். அதன்மேல் ஜாக்கி அழுந்தினால் உறை நசுங்கும். நசுங்கிய மின்கலம் பின்னர்த் தீப்பற்றவுங்கூடும். அதை மாற்றும் செலவோ காரின் விலையிற் பெரும்பகுதி. அவர்மேல் குற்றமில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆங்கிலக் கையேட்டைக் கைப்பேசி வெளிச்சத்தில் புரட்டி, கதவுகளின் கீழ்விளிம்பில் ஜாக்கி வைக்கத்தக்க இடங்கள் நான்கு குறிக்கப்பட்டிருப்பதைப் படித்து, அவருக்குத் தமிழிற் சொன்னோம். இருபதாண்டு மொழிபெயர்ப்புத் தொழிலில் நம் வேலை இவ்வளவு உடனே பயன்பட்டது அன்று ஒருநாள்தான். முன்சக்கரங்களுக்குக் கல்லால் முட்டுக் கொடுத்து, குறித்த இடத்தில் தூக்கி, ஆணியைப் பிடுங்கி, துளையை அரத்தால் துருவி, பசை தடவிய ரப்பர்த் திரியைச் செலுத்தி அடைத்தார். கால் மணி நேரம் ஆயிற்று. "திருப்பதியில் டயரைக் கழற்றி உள்ளே பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள், இப்படியே மலை ஏறாதீர்கள்" என்றும் எச்சரித்தார்.

அன்றிரவு திருப்பதி விடுதியில் அக்கையேட்டை முழுவதும் படித்தோம். ஊருக்குப் புறப்படுமுன் அரை மணி நேரம் செலவிட்டிருந்தால் இத்தொல்லையிற் பாதி இராது. டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், ஓட்டுநர் பக்கத்துக் கதவின் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுப்படி பார்க்க வேண்டும். அவ்வளவு பெரும்பாலும் பழைய காரின் அளவைவிட மிகுதியாக இருக்கும். கடைக்காரர் பழக்கத்தால் குறைத்து அடிப்பார். ஒத்த உருவமுள்ள பெட்ரோல் காரைவிட மின்கார் இருநூறு, முந்நூறு கிலோ எடை மிகுந்தது. ஆதலால் டயர் மாற்றும்போது அளவு ஒத்தால் மட்டும் போதாது, அதன் பக்கத்தில் பொறித்த சுமைக் குறியீடும் குறையாதிருக்க வேண்டும். புட்டித் திரவம் தரையிற் படும் பகுதியிலுள்ள சிறு துளையைத்தான் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. அடைத்தபின்னும் கையேடு கூறும் வேகத்தைத் தாண்டாமல் அடுத்த கடை வரைதான் செல்லலாம். சில மின்கார் டயர்களின் உட்புறத்தில் ஒலியைக் குறைக்கப் பஞ்சு போன்ற பட்டை ஒட்டியிருக்கும். அதைக் கடைக்காரருக்கு முன்னரே சொல்லிவிடுவது நலம். எதுவும் கைகூடாமல் இழுத்துச் செல்ல நேர்ந்தால், கயிறு கட்டி இழுக்கலாகாது. மோட்டாரோடு பிணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கிப் பழுதுறக்கூடும். தட்டையான மேடையுள்ள வண்டியில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும்.

மின் ஸ்கூட்டர் வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். பின்சக்கரக் குடத்திலேயே மோட்டார் அமைந்த வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றுமுன் கம்பி இணைப்பை விடுவிக்க வேண்டும். அதை அறியாமல் இழுத்தால் பஞ்சர்க் கூலியோடு போகாது.

மறுநாட் காலை திருப்பதியில் டயரைக் கழற்றி உட்புறத்தில் ஒட்டுப் போட்டார்கள். மைத்துனர் மலைக்குக் காரிலேயே போகலாம் என்றார். தாயார் இசையவில்லை. காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மின்சார பஸ்ஸில் ஏறினோம். அம்மையார் சன்னலோரம் அமர்ந்து, வளைவு வரும்போதெல்லாம் சக்கரத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பும் வழியில் சித்தூரில் ஒரு கடையின் முன் மைத்துனர் வண்டியை நிறுத்தினார். அளவொத்த ரிம்மும் டயருமாக ஒன்று கிடைக்குமா என்று விசாரித்தார். கிடைக்கும், ஆனால் சாமான் வைக்கும் இடத்திற் பாதி போய்விடும் என்றார் கடைக்காரர். மைத்துனர் தயங்கிப் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். "லட்டுப் பையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன், நீ அதை வாங்கு" என்றார் தாயார்.